கல்லச்சில் முதுகுக் கோடு தார் மாதிரி விழுந்தால்

கல்லச்சு என்பது கல்லில் கொழுப்புக் கிரேயானால் வரைந்து, மை ஏற்றித் தாளில் அச்செடுப்பது (லித்தோகிராஃபி). அப்படி மாடலைப் பார்த்து வரைந்த உருவத்தின் முதுகுக் கோடு கல்லில் துடிப்பாகத் தெரிந்தாலும் தாளில் தார் பூசியது போல விழுகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் உங்கள் கையில் தப்பிருக்காது. கிரேயான் கோட்டுக்குள் கல்லின் சொரசொரப்பு விட்டுவைத்த வெள்ளைப் புள்ளிகள் மையில் அடைபடுகின்றன. கோட்டின் வேகத்தைக் காட்டுவதே அந்தப் புள்ளிகள்தான்.

வரையாத இடங்களில் மை ஒட்டாமல் காப்பது அமிலம் கலந்த கோந்துப் பூச்சு; அது பலவீனமாக இருந்திருக்கும். ஈரக்கல்லில் மெல்லிய மையோடு ரோலரை ஓட்டி, வரிசையாக ஐந்து தாள் எடுத்துப் பாருங்கள். முதல் தாள் தெளிவாக வந்து நாலாவது ஐந்தாவதில் அடைத்தால் பூச்சுதான் காரணம், ஐந்தும் தெளிவாக வந்தால் முன்பு போட்ட மை அதிகம். முதல் தாளே மொத்தையாக வந்தால், மென்மையான கிரேயானால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறீர்கள். அடுத்த கல்லில் கெட்டியான கிரேயானை எடுங்கள்.

நீங்கள் முன்மாதிரியாகச் சொன்ன ஜெர்மன் ஓவியர் கிர்க்னரும், 1905இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் தொடங்கிய 'டி ப்ரூக்கே' ஓவியர் குழு நண்பர்களும் கால்மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றும் மாடல்களை வரைந்து பழகியவர்கள். தோள் கோணினாலும் அழித்துத் திருத்த நேரமில்லை. கிர்க்னர் கல்லச்சைத் தானே, அதுவும் சில பிரதிகள் மட்டுமே எடுத்தார். ஐம்பது பிரதி வேண்டுமென்று நீங்கள் அடம்பிடிப்பது ஏனோ!

மறுபூச்சு போடுவதானால் கறுத்த இடங்களுக்குப் பூசும் கோந்தில் மட்டும் நைட்ரிக் அமிலத்தைச் சில சொட்டுக் கூட்டுங்கள், கையுறையோடு. அந்தக் கோந்தைக் கல் முழுக்கப் பூசினால் தொடை ஓரத்து மெல்லிய கீறல்கள் போய்விடும், திரும்ப வராது.