கேளுங்க அக்கா: ஜமைக்கா கிரீடமும் நம்ம மேடையும்

போன இதழ்ல கெரிஷ்னி நாய்க்கர் 1997-ல மிஸ் சவுத் ஆப்பிரிக்கா ஆனத பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தோம், இந்திய வம்சாவளில அந்தக் கிரீடம் வாங்கின மொத பொண்ணு அவங்கதான். அதுல கடைசில ஜமைக்கா பத்தி சும்மா ஒரு வரி விட்டேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி ஜமைக்காவ பத்தியே. கூழ் பிரேயர் ரெசிபி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அது அடுத்த மாசம்.

கேள்வி: அக்கா, 2019-ல மிஸ் வேர்ல்ட் ஜெயிச்ச ஜமைக்கா பொண்ணு பேரு டோனி-ஆன் சிங். சிங்னா நம்ம ஆளா இல்லையா? எங்க வீட்ல இத வச்சு பெரிய வாக்குவாதம். — வாசகி, ஃபீனிக்ஸ்

பாதி நம்ம ஆளு. அப்பா இந்திய வம்சாவளி, அம்மா ஆப்பிரிக்க வம்சாவளி, பொறந்தது மொராண்ட் பே ஊருல, சின்ன வயசுலயே குடும்பத்தோட அமெரிக்கா போயிட்டாங்க. ஜமைக்காவுக்கு மொத கூலிக்கப்பல் போய்ச் சேந்தது 1845 மே 10, பிளண்டெல் ஹண்டர்னு பேரு. நம்ம ஆளுங்கள ஏத்திட்டு வந்த ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்கா டர்பன்ல வந்து நின்னது 1860 நவம்பர் 16, அப்போ அவங்க நமக்கு பதினஞ்சு வருஷம் சீனியர். அங்க போனவங்க மொத்தமே 36,000 சொச்சம்தான், முக்காவாசி கல்கத்தா வழியா போன வடக்கத்திக்காரங்க, மெட்ராஸ் ஆளுங்க கொஞ்சம். இங்க வந்தது ஒன்றரை லட்சம். அதோட இங்க குரூப் ஏரியாஸ் சட்டம் போட்டு இனத்துக்கொரு பக்கமா தள்ளிட்டான், அங்க அப்படி ஒரு சட்டம் இல்ல, பக்கத்து வீட்ல யார் இருந்தாங்களோ அவங்களோட கலந்துட்டாங்க. சிங்னு பேரு தங்கிடுச்சு. கொரோனா வந்து அடுத்த போட்டி தள்ளித்தள்ளிப் போனதால அந்தப் பொண்ணு 2022 மார்ச் வரைக்கும் கிரீடத்த கழட்டவே இல்ல, அவ்ளோ காலம் மிஸ் வேர்ல்டா இருந்தவங்க வேற யாரும் கிடையாது.

கேள்வி: கறுப்பு மக்கள் அதிகமா இருக்கற நாடுன்னு சொல்றீங்க, ஆனா பழைய மிஸ் ஜமைக்கா போட்டோ பாத்தா எல்லாம் வெள்ள வெளேர்னு இருக்காங்களே, ஏன்? — வாசகர், சாட்ஸ்வொர்த்

தம்பி, சரியான எடத்துல கை வச்சிட்டீங்க. பிரிட்டிஷ் காலத்துல அந்தத் தீவுல மேல்தட்டுன்னா வெளுத்த தோல்தான், அவங்க கிளப்பு, அவங்க காசு, கிரீடமும் அங்கயே சுத்தி வந்துது. அதுமேல முணுமுணுப்பு ஏறினதும் 1955-ல ஒரு வேடிக்கையான காரியம் பண்ணாங்க. ஸ்பெயின்கிட்டருந்து இங்கிலீஷ்காரன் தீவப் புடிச்சு 300 வருஷம் ஆச்சுன்னு கொண்டாட்டம், அதுக்கு ஸ்டார்ங்கற சாயங்காலப் பேப்பர் ஒரு போட்டி வச்சுது, "பத்து வகை, ஒரே மக்கள்"னு. ஒரு அழகி இல்ல, பத்து அழகி! தோல் நிறத்துக்கு ஒருத்தி. நல்ல கறுப்பா இருந்தா மிஸ் கருங்காலி, கோக்கோ நிறம்னா மிஸ் மஹோகனி, பால் கலந்த காப்பி நிறம்னா மிஸ் சாட்டின்வுட், ஐரோப்பிய அப்பா அம்மாவுக்குப் பொறந்தவ மிஸ் ஆப்பிள் பூ, சீனப் பொண்ணு மிஸ் தாமரை, பாதி சீனம் மிஸ் மல்லிகை. நம்மாளுங்களுக்கு என்ன தெரியுமா, மிஸ் சந்தனமரம். பாதி இந்தியன்னா மிஸ் ஆல்ஸ்பைஸ், அது அங்க வெளையற ஒரு மசாலா. இன்னும் கோல்டன் ஆப்பிள், மாதுளைன்னு ரெண்டு.

கேக்கறதுக்கு எல்லாருக்கும் ஒரு எடம் குடுத்த மாதிரி இருக்கு, எனக்கென்னவோ அது புடிக்கல. வெள்ளைக்காரி பக்கத்துல கறுப்புப் பொண்ணு போட்டி போட்டு ஜெயிச்சா அது ஒரு கத, நீ உன் நிறத்துக்குள்ளயே ஜெயிச்சுக்கோன்னு தனித்தனி வரிசை கட்டி விட்டா அது வேற கத. அந்த வரிசைய நாம இங்க ரொம்ப நல்லா பாத்தவங்க, போஸ்ட் ஆபீஸ்லயே ரெண்டு வாசல் வச்சிருந்தான். ஆனா ஒண்ணு சொல்லணும், கறுப்புப் பொண்ணு போட்டோவ அழகின்னு போட்டு பேப்பர் அடிச்சது அந்த நாட்டுல சின்ன விஷயம் இல்ல.

1962-ல சுதந்திரம் வந்துது, அடுத்த வருஷமே கேரல் க்ராஃபோர்ட் லண்டன்ல மிஸ் வேர்ல்ட் ஜெயிச்சுட்டாங்க, கரீபியன்லருந்து மொத ஆளு, உயரம் அஞ்சடி மூணு அங்குலம்தான். அரசாங்கம் அவங்க மொகத்த போட்டு 1964-ல ஸ்டாம்பு அடிச்சுது. ராணி மொகம் ஒட்டி லெட்டர் போட்டுட்டிருந்த ஊரு அது.

கேள்வி: 1970 மிஸ் வேர்ல்டுக்கு நம்ம நாட்லருந்து ரெண்டு பொண்ணு போனதா எங்க மாமா சொல்றாரு, நான் நம்பல. ஜெயிச்சது ஜமைக்காவா? — வாசகி, டொங்காட்

மாமா சொன்னது நெசம்தாம்மா. ஜெயிச்சது ஜமைக்கா இல்ல, கிரெனடா, அதுவும் கரீபியன்தான், நம்ம பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருக்கற ஜனம்கூட அந்த நாட்ல இருக்காது. அப்போ மிஸ் சவுத் ஆப்பிரிக்கான்னா வெள்ளைக்காரி மட்டும்தான். லண்டன்ல இத எதுத்து சத்தம் பலமா வந்ததும் நடத்தினவங்க, சரி ஒரு கறுப்புப் பொண்ணையும் அனுப்புங்கன்னு கேட்டாங்க. ஜில்லியன் ஜெஸப் நாட்டுப் பேரோட போனாங்க, கேப் டவுன் பொண்ணு பேர்ல் ஜான்சனுக்கு "மிஸ் ஆப்பிரிக்கா சவுத்"னு சாஷ் மாட்டி விட்டாங்க. நாட்டுப் பேர திருப்பிப் போட்டா தனி நாடு ஆயிடுமாம், என்ன மூளை பாருங்க.

ராயல் ஆல்பர்ட் ஹால், நவம்பர் 20. பாப் ஹோப்ங்கற அமெரிக்க காமெடியன் மேடையில ஜோக் அடிச்சிட்டிருக்கும்போது பெண்ணுரிமைக்காரங்க விசிலடிச்சு மாவு மூட்டைய வீசினாங்க, மனுஷன் மேடைய விட்டே ஓடிட்டாரு. கடைசில கிரீடம் கிரெனடா ஜெனிஃபர் ஹாஸ்டனுக்கு, ரெண்டாவது நம்ம பேர்ல், வெள்ளைக்கார ஜெஸப் அஞ்சாவது! ஒடனே ஒரு புகார் கெளம்புச்சு, ஏன்னா ஒன்பது நீதிபதியில ஒருத்தரு அப்போ கிரெனடாவோட பிரீமியரா ஆட்சி நடத்தின எரிக் கெய்ரி. நாலு பேரு மொதலிடம் போட்டது ஸ்வீடனுக்கு, ஹாஸ்டனுக்கு ரெண்டே பேருதான், ஆனா எல்லா எடத்தையும் சேத்துப் பாத்து முடிவு பண்ற முறை அது, ஸ்வீடன் நாலாவதுக்குப் போயிடுச்சு. கெய்ரிய அங்க உக்கார வச்சது தப்புதான், சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா பேர்ல் ஜான்சன ரெண்டாவதா கொண்டு வந்தது கெய்ரி ஒருத்தரு ஓட்டு இல்லையே. ஹாஸ்டன் பின்னாடி கனடாவுல கிரெனடாவோட ஹை கமிஷனரா இருந்தாங்க.

கேள்வி: பாப் மார்லி சம்சாரம் மிஸ் வேர்ல்டா? — வாசகர், லெனேசியா

சம்சாரம் ரீட்டா. நீங்க கேக்கறது சிண்டி ப்ரேக்ஸ்பியர், 1976 மிஸ் வேர்ல்ட், பாப் மார்லியோட மகன் டேமியனுக்கு அம்மா. அந்த வருஷமும் நம்ம நாடு வெள்ளைக்கு ஒண்ணு கறுப்புக்கு ஒண்ணுன்னு அனுப்ப, இந்தியா உட்பட பல நாடு வெளிய போயிடுச்சு. அப்புறம் நம்மளயே வெளிய அனுப்பிட்டாங்க, 1991-லதான் திரும்ப உள்ள விட்டாங்க.

கேள்வி: சன் சிட்டியில ஐஸ்வர்யா ராய் ஜெயிச்சத எங்கம்மா நேர்ல பாத்தாங்க. ஜமைக்காகாரி ஜெயிச்சதும் அங்கதானாமே? — வாசகி, வெருலம்

ஆமா, அதுக்கு முந்தின வருஷம், 1993. லிசா ஹன்னா மொதலு, நம்ம ஜாக்கி மொஃபோகெங் ரெண்டாவது. ஜாக்கி யாருன்னா மிஸ் சவுத் ஆப்பிரிக்கா கிரீடம் வாங்கின மொத கறுப்பின ஆப்பிரிக்கப் பொண்ணு. நம்ம நாட்ல எல்லா ஜனமும் ஓட்டுப் போட அப்போ இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. சன் சிட்டின்னாலே நிறவெறிய எதுத்து வெளிநாட்டுப் பாட்டுக்காரங்க வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டிருந்த எடம், ஜமைக்கா 1950கள்லயே நம்ம நாட்டோட வியாபாரத்த நிறுத்தின நாடு, 1991-ல மண்டேலா கிங்ஸ்டன் போனப்போ தெருவெல்லாம் ஜனம். அந்த நாட்டுப் பொண்ணு இந்த மேடையில கிரீடம் வாங்கி, பக்கத்துல நம்ம ஜாக்கி நின்னத நான் டிவில பாத்தேன், அம்மா அத நேர்ல பாக்காம விட்டுட்டாங்கன்னா அதுக்கு அப்புறமா வந்த ஐஸ்வர்யா ஈடாகாதுன்னு சொல்லுவேன், திட்டாதீங்க. ஹன்னா அப்புறம் அரசியலுக்குப் போயி மந்திரியும் ஆனாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு சுருட்டை முடி. சனிக்கெழம எங்க ஏரியா ஹால்ல நடக்கற போட்டிக்கு ஸ்ட்ரெய்ட் பண்ணிட்டு வான்னு சொல்றாங்க, என்ட்ரி ஃபீஸும் கேக்கறாங்க. அனுப்பலாமா? — அம்மா, ஷால்க்ராஸ்

ஜமைக்கா 2007-ல ஜாரா ரெட்வுட்ங்கற ராஸ்தா (முடிய சடையா வளக்கற ஜமைக்கா மதம்) பொண்ண சடைமுடியோடயே மிஸ் யூனிவர்ஸுக்கு அனுப்புச்சு. 2017-ல டவினா பென்னட் பெரிய ஆஃப்ரோவோட மூணாவது எடம் வாங்கினாங்க, அன்னிக்கு ஜெயிச்சது நம்ம டெமி-லீ. ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம ஸோஸிபினி டுன்சி ஒட்ட வெட்டின முடியோட மிஸ் யூனிவர்ஸே ஆயிட்டாங்க. இதெல்லாம் நடந்ததுக்கு அப்புறமும் ஹால்ல நிக்கறவங்க முடிய நேராக்குன்னா, பொண்ணுகிட்டயே கேளுங்க, அவளுக்கு வேணும்னா பண்ணட்டும், அவங்களுக்காக வேணாம். ஃபீஸ் விஷயம்: ரசீது கேளுங்க, டிக்கெட்டு இத்தன வித்தே ஆகணும்னு கண்டிஷன் இருக்கான்னு கேளுங்க, பொண்ணு போட்டோவ வேற எங்கெல்லாம் போடுவாங்கன்னு எழுத்துல வாங்குங்க. எழுதித் தரமாட்டேன்னா அந்த சனிக்கெழம பீச்சுக்குப் போங்க.

— அக்கா

(அடுத்த மாசம்: கூழ் பிரேயருக்கு மாவு கரைக்கறது எப்படி, காவடி விரதத்துல காப்பி குடிக்கலாமா)