ஆக்சிஜன் வந்த பிறகும் விலங்குகள் ஏன் வரவில்லை? கேள்வி பதில்

பழங்காலக் கடல்களின் வேதியியலில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் உறுப்பினர் ஒருவர், மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: மேடம், பூமியின் காற்றில் ஆக்சிஜன் எப்போது வந்தது? எப்படித் தெரியும்?

சுமார் 240 முதல் 230 கோடி ஆண்டுகளுக்கு முன். தயாரித்தவை சயனோபாக்டீரியா என்ற, ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள். அதற்கு முந்தைய பாறைகளில் கந்தக ஐசோடோப்புகள், அதாவது எடை வேறுபட்ட கந்தக அணுக்கள், வழக்கத்துக்கு மாறான விகிதத்தில் இருக்கும். ஆக்சிஜனும் ஓசோனும் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் விழுந்தால்தான் அந்த விகிதம் உண்டாகும். 2000-ல் ஜேம்ஸ் ஃபார்குவர் குழுவினர் இதைக் காட்டினார்கள். பாறை வரிசையில் அந்தச் சுவடு எங்கே மறைகிறதோ, அங்கே ஆக்சிஜன் தங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி: நான் சேலம். எங்கள் கஞ்சமலை இரும்புத்தாதும் அந்த ஆக்சிஜனால் வந்ததுதானே?

கஞ்சமலையில் இருப்பது பழைய கடலடியில் இரும்பும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்த பட்டை இரும்புப் பாறை. பின்னால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியிருக்கிறது. ஆனால் இரும்புப் படிவைக் கண்டதுமே ஆக்சிஜன் என்று முடிவுகட்டாதீர்கள். ஆக்சிஜனே இல்லாமல், சூரிய ஒளியைக் கொண்டு இரும்பை ஆக்சைடாக்கும் பாக்டீரியா இன்றும் உண்டு. கடலில் இரும்பு ஏராளமாகக் கரைந்திருந்தது என்பதை மட்டும் அந்த மலை உறுதியாகச் சொல்கிறது.

கேள்வி: ஆக்சிஜன் 230 கோடி ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. பெரிய உடலுள்ள உயிர்கள் 57 கோடி ஆண்டு வாக்கில்தான் வருகின்றன. இடையில் என்ன நடந்தது?

என்னை இந்தத் துறைக்குள் இழுத்த கேள்வியே இதுதான். காற்றில் ஆக்சிஜன் வந்தால் கடல் முழுக்க ஆக்சிஜன் நிறைந்துவிடும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1998-ல் டொனால்ட் கேன்ஃபீல்டு அதைத் திருப்பிப் போட்டார்.

நிலத்துப் பாறைகளில் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் வந்ததும் அது சிதைந்து, சல்ஃபேட்டாகக் கடலுக்குப் போனது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் பாக்டீரியா அந்த சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றின. இன்றைய கருங்கடலின் ஆழத்தில் இருப்பதும் அதே நச்சு வாயுதான். அது கரைந்திருந்த இரும்பை மட்டுமல்ல, மாலிப்டினம் என்ற உலோகத்தையும் நீரிலிருந்து பிரித்துச் சேற்றில் புதைத்துவிடும். காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். நைட்ரேட்டைப் பயன்படுத்த பாசிகளுக்கும் அதே உலோகம் வேண்டும். ஆக, ஆக்சிஜன் வந்ததன் விளைவாகவே கடலில் சத்துப் பஞ்சம் வந்தது! 2002-ல் ஏரியல் அன்பாரும் ஆண்ட்ரூ நோலும் வைத்த வாதம் இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

அப்புறம் படம் கொஞ்சம் மாறியது. ஆழ்கடல் பெரும்பாலும் இரும்பு கரைந்த நீராகவே இருந்திருக்கிறது. சல்ஃபைடு நீர் கண்டங்களின் ஓரங்களில்தான் திரண்டிருந்தது. கடலடியில் 1 முதல் 10 சதவீதம் அப்படி இருந்தாலே மாலிப்டினப் பஞ்சத்துக்குப் போதும் என்று 2013-ல் கணக்கிட்டார்கள்.

எப்போதும் சொல்லும் எச்சரிக்கையை இங்கும் சொல்கிறேன்: ஒரு பாறை ஒரு கடலோரத்தின் கதையைத்தான் சொல்லும். அதை உலகக் கடலின் கதையாக நீட்டாதீர்கள்.

கேள்வி: மேடம், ஆக்சிஜன் வந்ததும் உடனே ஏன் விலங்குகள் தோன்றவில்லை?

முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இன்றைய கடலில் ஆக்சிஜன் குறைவதால் மீன்பிடி பாதிக்குமா?

முக்கியமான கேள்வி, ஆனால் அது மீன்வள ஆய்வாளர்கள் பதில் சொல்ல வேண்டியது.

கேள்வி: நான் உயிரியல் ஆய்வு மாணவன். விலங்குக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும் என்பதே தவறு. 2014-ல் டென்மார்க்கில் ஒரு கடற்பஞ்சை வைத்துச் சோதித்தார்களே! இன்றைய காற்றின் அளவில் 0.5 முதல் 4 சதவீதத்திலேயே அது பிழைத்ததே!

சோதனை சரிதான், தம்பி. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் பிழைப்பது வேறு, வேட்டையாடுவது வேறு. எரிக் ஸ்பெர்லிங் குழுவினர் இன்றைய கடலின் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் வாழும் புழுக்களைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் குறையக் குறைய ஊனுண்ணிகள் குறைகின்றன. மிகக் குறைவான இடத்தில் அநேகமாக இல்லவே இல்லை. துரத்திப் பிடித்து, செரிக்க நிறைய ஆற்றல் வேண்டும். சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்துக் கடலில் ஓடும் பிராணியும் பிடிக்கும் பிராணியும் பெருகியதற்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது என்றுதான் நான் சொல்கிறேன்.

அதே மாணவர்: அப்படியானால் முதல் விலங்குக்கு ஆக்சிஜன் தடையாக இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

இல்லை. அது அந்தக் காலத்து அளவைப் பொறுத்தது. 2014-ல் நோவா பிளனாவ்ஸ்கி குழுவினர் குரோமியம் ஐசோடோப்புகளை வைத்து, ஆக்சிஜன் வந்ததற்கும் விலங்குகள் வந்ததற்கும் இடைப்பட்ட நடுக்காலத்தில் இன்றைய அளவில் 0.1 சதவீதத்துக்கும் கீழே என்றார்கள். அது உங்கள் கடற்பஞ்சுக்கே போதாது. 2016-ல் சீனாவின் 140 கோடி ஆண்டுப் பழைய ஷியாமாலிங் பாறைகளை வைத்து 4 சதவீதத்துக்கு மேல் என்றது இன்னொரு குழு. அது தாராளமாகப் போதும். சண்டை நாற்பது மடங்கில் இருக்கும்போது பஞ்சு மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. சுருங்கச் சொன்னால், ஒரு பாறை ஒரு கடலோரம்.

இன்னொருவர் குறுக்கிட்டு: நிக்கோலஸ் பட்டர்ஃபீல்டு சொல்வது போல, விலங்குகளே கடலைச் சுத்தமாக்கி ஆக்சிஜனைக் கூட்டியிருக்கலாமே?

கடற்பஞ்சுகள் நீரை வடிகட்டி, ஆக்சிஜனைத் தின்னும் கரிமப் பொருளைக் குறைத்திருக்கும். அதை ஏற்கிறேன். முழுக் கதையாக ஏற்கமாட்டேன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 58 கோடி ஆண்டு வாக்கில் நடந்த பனிக்காலத்துக்குப் பிறகு ஆழ்கடலில் ஆக்சிஜன் வந்ததற்கு இரும்பு வேதியியல் சாட்சி இருக்கிறது. அதற்கு மேலே, 57.4 கோடி ஆண்டுப் படிவுகளில்தான் அங்கே கேம்பிரியனுக்கு முந்தைய எடியாகரன் காலத்துப் பெரிய உயிர்கள் கிடைக்கின்றன. வேதியியல் மாற்றம் முன்னே வருகிறது. அந்த ஒரு கடலோரத்தில், என்று என் எச்சரிக்கையை எனக்கும் போட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஆக்சிஜன் எப்போது வந்தது, மேடம்?

முதல் பதிலிலேயே இருக்கிறது. கேட்பதற்கு முன் தயவுசெய்து மேலே ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா என்ற எடியாகரன் உயிரின் புதைபடிவம் கிடைத்ததாக மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். சரிதானே?

2021-ல் அப்படித்தான் வெளியானது. 2023-ல் வேறொரு குழு நேரில் போய்ப் பார்த்தது. அது பாறையில் ஒட்டியிருந்த பழைய தேன்கூட்டின் எச்சம். முதலில் அறிவித்தவரும் அதை ஏற்றுக்கொண்டார். பாடக்குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து சொல்ல வேண்டுமென்றால் சித்திரகூடத்தின் விந்தியப் பாறைகளைச் சொல்லுங்கள். சிவப்புப் பாசி போன்ற, சுமார் 160 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களை அங்கிருந்து 2017-ல் விவரித்திருக்கிறார்கள்.