34 வாரம், பிரஷர் 160/110: வளைகாப்பு முடியட்டுமா?

தம்பி, மாசமாக இருக்கும் உங்கள் மனைவியை வளைகாப்பு முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறீர்கள். முடியட்டும் என்று இருக்காதீர்கள். அவருக்குத் தலைவலி, கண் முன் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். கூடவே 160/110. மாசமாக இருக்கும்போது வரும் சாதாரணக் கால்வீக்கம் இல்லை இது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். இப்போதே 108-ஐக் கூப்பிட்டு இந்த அளவையும் சொல்லுங்கள்.

பள்ளத்தூரில் எந்த கிளினிக் பக்கம் என்று பார்க்காதீர்கள். ராத்திரியில் சிசேரியன் செய்ய டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், குறைமாதக் குழந்தைக்கு வார்டு எல்லாம் இருக்கும் இடத்துக்கே போகவேண்டும். எது என்று 108-காரர்களிடமே கேளுங்கள். காரைக்குடியிலிருந்து சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் தயங்காமல் கிளம்புங்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு, வண்டி ஏறுமுன் போட முடியுமா என்று கேட்கலாம். வண்டியில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) உள்ள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வளவு (வீட்டு முற்றம்) நிறைய சொந்தபந்தம் இருக்கும்போது ஆச்சியிடம் சொல்வது சிரமம்தான். பழியை டாக்டர் தலையில் போட்டுவிடுங்கள்!

அப்புறம், பிரசவம் ஆனதும் அசந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் வலிப்பு வரலாம். வீட்டுக்கு வந்த முதல் வாரம் பிரஷர் பார்த்துக்கொண்டே இருங்கள்.