ஐந்தாம் மாதத்தில் வாரம் மூன்று நாள் வெளியூர்: போகலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு நிதி நிறுவனத்தில் கிளைகளைத் தணிக்கை செய்யும் வேலை. வாரத்தில் மூன்று நாள் திருநெல்வேலி, நாகர்கோவில், கோவை என்று பஸ்ஸில் அலைகிறேன். முதல் குழந்தை, இப்போது 20 வாரம். "வயிறு குலுங்கக் கூடாது, வேலையை விட்டுவிடு" என்கிறார் மாமியார். எதுவரை பயணம் செய்யலாம்?

மகப்பேறு மருத்துவரின் பதில்: மாமியாரின் பயம் அக்கறையால் வருவது. ஆனால் பஸ் குலுங்குவதால் மட்டும் கரு கலைந்துவிடாது. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. ரத்தப்போக்கு, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, நீளம் குறைந்த கர்ப்பப்பை வாய், உயர் ரத்த அழுத்தம், இரட்டைக் கரு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் நிலைமை வேறு. குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் நஞ்சுக்கொடி இருக்கும் இடமும் தெரிந்துவிடும். அதை இன்னும் எடுக்கவில்லை என்றால், எடுத்த பிறகு அடுத்த பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் தண்ணீர் பாட்டிலைப் பற்றித்தான். வெளியூர் போகும் பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பஸ் நிற்கும் இடத்தில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் கால் வைக்க முடியாது. மணிக்கணக்கில் சிறுநீரை அடக்குகிறார்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்திருப்பதால் கிருமித் தொற்று எளிதில் சிறுநீரகம்வரை ஏறிவிடும். அது குறைமாதப் பிரசவத்துக்கே காரணமாகலாம். எரிச்சலோ குளிர்க்காய்ச்சலோ வந்தால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆகவே பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று ஊர்களுக்கும் மதுரையிலிருந்து ரயில் உண்டு. கழிப்பறை இருக்கும், எழுந்து நடக்கலாம். இரவுப் பயணம் என்றால் லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் கர்ப்பிணிகளுக்கும் இடமுண்டு. மருத்துவச் சான்றோடு முன்பதிவு கவுன்ட்டரில் கேளுங்கள். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டலாம். மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். காரில் போனால் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேல் ஏறாமல் அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் படிய வேண்டும்.

எதுவரை? சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 28 வாரம்வரை, வாரத்துக்கு இரண்டு பயணமாகக் குறைத்துக்கொண்டு போகலாம். பிறகு காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர்கள் மட்டும். 32 வாரத்துக்குப் பிறகு மதுரைக் கிளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. 36 வாரம்வரை விமானத்தில் ஏற்றுகிறார்களே என்று மேலாளர் சொல்லலாம். அது எப்போதாவது ஒரு பயணத்துக்கான கணக்கு, வாராவார அலைச்சலுக்கானது அல்ல.

இதை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லாமல், மருத்துவர் கடிதத்தோடு மின்னஞ்சலில் கேளுங்கள். சட்டப்படி, பிரசவத் தேதிக்குப் பத்து வாரம் முன்பிருந்தே, நீங்கள் கேட்டால் கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தந்த 26 வாரச் சம்பள விடுப்பில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். 24 முதல் 28 வாரத்துக்குள் வரும் சர்க்கரைப் பரிசோதனையைப் பயண நாளுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கர்ப்பகால அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். போகும் ஊரில் இரவிலும் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எது என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ரத்தக்கசிவு, நீர் கசிவு, கடும் தலைவலி, கண் மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைவது என ஏதாவது ஒன்று வந்தாலும், "மதுரைக்குப் போய் நம்ம டாக்டரையே பார்த்துக்கலாம்" என்று லாட்ஜ் அறையில் காத்திருக்காதீர்கள். அந்த ஊரிலேயே, அந்த நேரமே 108ஐ அழையுங்கள்.