கேமரா மாட்டின பிறகு போர்ட் திறந்திருக்கா?

கேள்வி: வீட்டுல ஃபைபர் நெட், நாலு கேமரா இருக்கு சார். மாட்ட வந்த பையன் ஊர்ல இருந்தும் போன்ல பாக்கலாம்னு ரவுட்டர்ல ஏதோ செட்டிங் மாத்திட்டுப் போனான். வெளி ஆள் உள்ள வர முடியுமான்னு நாமளே செக் பண்ணலாமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமா பண்ணலாம்மா, காசே ஆகாது. வீட்டு வைஃபைக்குள்ள இருந்து ஸ்கேன் பண்ணி பிரயோஜனம் இல்ல, ரவுட்டர்ல போர்ட்னு நம்பர் போட்ட வாசல்கள் இருக்கு, எது திறந்திருக்குன்னு வெளியில இருந்து தட்டிப் பாக்கணும். கிப்சன் ரிசர்ச்சோட ஷீல்ட்ஸ்அப் சைட் அதைத்தான் செய்யுது, வீட்டு நெட்ல அதைத் திறந்தா அவங்க சர்வர் உங்க ஐபியை, அதாவது நெட்ல உங்க வீட்டு முகவரியை, தட்டிப் பாத்து ஒவ்வொரு போர்ட்டும் ஓபன், க்ளோஸ்டு, ஸ்டெல்த்னு சொல்லும். ஸ்டெல்த்னா பதிலே வரலைன்னு அர்த்தம், க்ளோஸ்டுக்கும் பயப்பட வேண்டாம், ஓபன்னு வந்தா மட்டும் விடாதீங்க. ஆபீஸ் லேப்டாப்ல விபிஎன் (ஆபீஸ் நெட் வழியா போற இணைப்பு) ஆன்ல இருந்தா அது ஆபீஸ் நெட்டைத் தட்டும், அதை ஆஃப் பண்ணிட்டு பண்ணுங்க.

இன்னொண்ணு, அதுல ஆல் சர்வீஸ் போர்ட்ஸ் அமுக்கினா முதல் 1056 தான் பாக்கும், மொத்தம் 65 ஆயிரத்துக்கு மேல இருக்கு. கேமரா, டிவிஆர் (ரெக்கார்டர் பெட்டி) எல்லாம் 8000, 8080, 37777 மாதிரி நம்பர்ல உக்காந்திருக்கும், அதைத் தனியா டைப் பண்ணிப் பாருங்க.

எல்லாமே ஸ்டெல்த்னு வந்துட்டா உடனே நிம்மதி ஆயிடாதீங்க, ரவுட்டர் பேஜ்ல வான் ஐபி (வெளி நெட் பக்க முகவரி) 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க, அதாவது நெட் கம்பெனி ஒரே வெளி ஐபியைப் பல வீட்டுக்குப் பகிர்ந்து குடுக்குது, டெஸ்ட் தட்டினது நெட் கம்பெனியோட பெட்டியை. ஐபிவி6-ஐ, அதாவது புது வகை ஐபி முகவரியை, இந்த டெஸ்ட் பாக்கவே பாக்காது, அதனால ரவுட்டர்ல ஐபிவி6 ஃபயர்வால் ஆன்ல இருக்கான்னு கண்ணால பாத்துடுங்க.

எனக்கு கவலை அந்தப் பையன் மாத்தின செட்டிங் தான். வெளியில இருந்து வர்றதை கேமராவுக்கு அனுப்பற போர்ட் ஃபார்வர்டிங் லிஸ்ட்ல அவன் போட்டது இருந்தா அழிங்க, யுபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியில இருந்து ரவுட்டர் செட்டிங்கை மாத்தற வசதி) ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, யுபிஎன்பி ஆன்ல இருந்தா கேமராவே உங்களைக் கேக்காம போர்ட்டைத் திறந்துக்கும். கேமரா கம்பெனி ஆப் வழியா பாக்கறதுக்கு பெரும்பாலும் போர்ட்டே திறக்க வேண்டாம். 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் லட்சக்கணக்கான கேமரா, டிவிஆரைப் பிடிச்சது ஃபேக்டரி பாஸ்வேர்டை யாரும் மாத்தாததால தான், அது நுழைஞ்ச வாசல் டெல்நெட்ங்கற பழைய ரிமோட் லாகின் வசதியோட போர்ட் 23. அதனால டிவிஆர், ரவுட்டர் ரெண்டுக்கும் இன்னைக்கே புது பாஸ்வேர்ட் போட்டு, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டு, திரும்ப டெஸ்ட் ஓட்டிப் பாருங்கம்மா.