பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரை வரவழைப்பது எப்படி? – கேள்வி பதில்

பள்ளி மேலாண்மைக் குழு என்பது பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைக் கவனித்துக்கொள்கிற குழு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அதன் வழியாகப் பெற்றோரைப் பள்ளி வேலைகளில் சேர்த்துக்கொள்வது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

தலைமையாசிரியை, தருமபுரி மாவட்டம்: எங்கள் தொடக்கப் பள்ளியில் 84 பிள்ளைகள். குழுக் கூட்டம் என்றால் பிள்ளைகளிடம் சீட்டு கொடுத்து அனுப்புகிறோம். எட்டுப் பேர், பத்துப் பேர்தான் வருகிறார்கள். அதிலும் எப்போதும் அதே முகங்கள். என்ன செய்யலாம்?

முதலில் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள் டீச்சர். ‘பெற்றோர் அனைவரும் தவறாது கலந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்றுதான் இருக்கும். வீட்டில் அதைப் பார்க்கிற தாய்க்கு வருகிற முதல் சந்தேகம், ‘காசு கேட்பாங்களோ?’ அடுத்தது, ‘புள்ள ஏதாச்சும் தப்பு பண்ணிடுச்சோ?’ இரண்டும் இல்லையென்றால், அனைவரையும்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், நாம் ஒருத்தர் போகாவிட்டால் என்ன என்று விட்டுவிடுவார்.

சீட்டை இப்படி மாற்றுங்கள்: ‘மூணாம் வகுப்பு கவின் அம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை 3 மணிக்கு வாங்க. ஒரு மணி நேரம்தான். பணம் எதுவும் கேட்க மாட்டோம். கழிப்பறைக்குத் தண்ணீர் வராதது பற்றித் தீர்மானம் போடணும், உங்கள் கருத்து வேணும்.’ பெயர், நேரம், பணம் இல்லை என்ற உறுதி, ஒரே ஒரு விஷயம். இந்த நான்கும் இருந்தால் போதும்.

84 பேர் வீட்டுக்கும் இப்படி எழுத வேண்டாம். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் மாதம் ஐந்து வீட்டாரை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த மாதம் வேறு ஐந்து பேர். சீட்டு போன மறுநாள், காலை உணவுக்குப் பிள்ளையை விட வரும்போது வாசலிலேயே ஒரு வார்த்தை நேரில் கேட்டுவிடுங்கள். நேரில் ‘வர்றேன் டீச்சர்’ என்று சொன்னவர் பெரும்பாலும் வந்துவிடுவார்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்குச் செயலியில் காலையும் மதியமும் இரண்டு முறை போட்டோ எடுத்துத்தான் வருகைப் பதிவு. இரண்டாவது போட்டோவுக்கு முன்னால் கிளம்பினால் அன்றைய கூலி போய்விடும். உங்கள் ஊரில் அது எத்தனை மணிக்கு என்று பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு கூட்டத்தை வையுங்கள். கூலி இழந்து வரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்: நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். டீச்சருங்க முன்னாடி போய் நான் என்ன செய்ய முடியும்?

ஒரு வேலை சொல்கிறேன் அம்மா, அதற்கு உங்களைவிடத் தகுதியானவர் கிடைக்க மாட்டார். மதியச் சத்துணவில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். தொடக்கப் பள்ளிக்கு இன்று 76 பிள்ளைகள் வந்திருந்தால் உலையில் விழ வேண்டியது 7 கிலோ 600 கிராம். அரிசி அளக்கும்போது நின்று பார்த்தாலே போதும். குறைந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியும். நாள்தோறும் உலை வைக்கிற கை உங்களுடையது. கூடவே வருகைப் பதிவேட்டில் இன்று எத்தனை பேர் என்று டீச்சரிடம் கேளுங்கள். சமையலறைப் பலகையில் எழுதியிருக்கிற எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவராக மாதத்தில் ஒரு நாள் நீங்கள் இருங்கள். பருப்பு வெந்திருக்கிறதா, கீரையில் மண் இருக்கிறதா, முட்டை நல்லதா என்று சொல்லப் பட்டம் தேவையில்லை. குறை இருந்தால் சமைக்கிற அக்காவைப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். தலைமையாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். நிறைய இடங்களில் சமையல்கூடத்தோடு சண்டை வந்து பெற்றோர் நின்றுபோவது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஒரு தந்தை, மதுரை: பெற்றோர் ஆசிரியர் கழகமும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒன்றா? என் மகள் தனியார் பள்ளியில் படிக்கிறாள், அங்கே உண்டா?

இரண்டும் வேறு. மேலாண்மைக் குழு 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வருவது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் அது ஆலோசனை மட்டும் சொல்லலாம். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே கழகம் இருந்தால் அதில் சேருங்கள்.

உறுப்பினர், திருவாரூர் மாவட்டம்: தலைவராக ஒரு அம்மாவைத் தேர்ந்தெடுத்தோம். கூட்டத்துக்கு அவர் கணவர்தான் வருகிறார், அவரே பேசுகிறார்.

தலைவர் பொறுப்பைத் தாய்மார்களுக்கு வைத்ததன் நோக்கமே இதில் அடிபட்டுப் போகிறது. கணவரை விரட்டினால் அந்த அம்மாவுக்கு வீட்டில்தான் சங்கடம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு ஆசிரியையும் இன்னொரு தாயும் வீட்டுக்குப் போய், என்ன பேசப் போகிறோம் என்று அந்த அம்மாவிடமே சொல்லுங்கள். முதல் தீர்மானத்தை அவரே வாசிக்கட்டும், வாசிக்கக் கடினமென்றால் வாயால் சொல்லட்டும். தீர்மானப் புத்தகத்தில் அவர் கையெழுத்து மட்டும்தான், அவருக்காக வேறு யாரும் போடக் கூடாது. கணவருக்கு வேறு வேலை கொடுங்கள்: மின்விளக்கு, குழாய், சுற்றுச்சுவர் பார்க்கிற பொறுப்பு. தந்தைமாரைப் பேசக் கூப்பிட்டால் வருவதைவிடச் செய்யக் கூப்பிட்டால் அதிகம் வருவார்கள்.

ஒரு ஆசிரியர், சேலம்: முதல் இரண்டு மாதம் உற்சாகமாக வந்தார்கள். பிறகு ஒருவரும் இல்லை. ஏன்?

போன மாதம் போட்ட தீர்மானம் என்ன ஆனது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேசினோம், கையெழுத்துப் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றிவிட்டால் அப்புறம் எந்தச் சீட்டும் அவர்களை எழுப்பாது. ஒவ்வொரு கூட்டத்தையும் போன மாதக் கணக்கில் தொடங்குங்கள்: எது முடிந்தது, எது யாரிடம் நிற்கிறது, ஏன் நிற்கிறது. முடியாவிட்டாலும் பரவாயில்லை, மறைக்காமல் சொன்னால் வருவார்கள்.

தீர்மானம் எழுதுகிற விதத்திலும் இருக்கிறது. ‘கழிப்பறை வசதி வேண்டும்’ என்று எழுதினால் அது எங்கேயும் போகாது. ‘பெண் பிள்ளைகள் 46 பேருக்கு ஒரு கழிப்பறைதான் பயன்பாட்டில் உள்ளது. இரண்டாவதில் தாழ்ப்பாளும் குழாயும் இல்லை. 40 பேருக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்க் கோப்பைகளும் என்பது மத்திய அரசின் தூய்மைப் பள்ளித் திட்டம் சொல்லும் அளவு. ஊராட்சி சரிசெய்து தரக் கோருகிறோம்’ என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை எடுத்து வருகிற வேலையை இரண்டு தாய்மாரிடம் கொடுங்கள். இருபது நிமிட வேலை. தீர்மானத்தைக் கல்வித் துறையின் ‘பெற்றோர்’ கைபேசிச் செயலியில் ஏற்றியதோடு விடாமல், நகலைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் இருக்கிறது. பத்துப் பெற்றோர் சேர்ந்து போய் எழுந்து நின்றால் ஊராட்சி நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, யாரையும் ஆண்டு முழுக்கக் கட்டிப்போடாதீர்கள். ‘இந்த மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை’ என்று கேளுங்கள். முடிந்ததும் விட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் திரும்ப வருவார்.

ஒரு தந்தை, கடலூர் மாவட்டம்: பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று கேட்கலாமா? தலைமையாசிரியர் தப்பாக நினைக்க மாட்டாரா?

கேட்கலாம். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது சட்டப்படி குழுவின் வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். பணம் வந்து சேர்வது தாமதமாகலாம், அதற்குத் தலைமையாசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது.

‘கணக்கைக் காட்டுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இந்த வருஷம் எதுக்குச் செலவு பண்ணலாம் சார், சேர்ந்து பட்டியல் போடுவோமா?’ என்று கேளுங்கள். பட்டியலில் உங்கள் பங்கு இருந்தால் ரசீது தானாக மேசைக்கு வரும். ரசீது, இருப்புப் பதிவேடு, கண்ணெதிரே இருக்கிற பொருள், மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

ஒரு ஆசிரியை, திருப்பூர்: பாதிப் பெற்றோர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் வடமாநிலத்தவர். அவர்களை எப்படி அழைப்பது?

சீட்டு வேண்டாம், குரல் பதிவு அனுப்புங்கள். அவர்களிலேயே தமிழ் பேசத் தெரிந்த ஒரு தாயைப் பேசச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். கூட்டம் ஞாயிறு காலை என்றால் ஷிப்டு தடையாக இருக்காது. அந்தத் தாயைக் குழுவுக்குள்ளும் கொண்டுவாருங்கள்.

ஒரு தாய், தேனி மாவட்டம்: யார் வேண்டுமானாலும் பள்ளிக்குள் வந்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு?

சரியான கேள்வி. வருகிறவர் வாசலில் பெயர், நேரம், எந்த வேலை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனியாக அறையிலோ கழிப்பறைப் பக்கமோ இருக்கக் கூடாது. இருவராகத்தான் போக வேண்டும். பிள்ளைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. கல்வித் துறை உதவி எண் 14417, சிறார் உதவி எண் 1098. இரண்டையும் பிள்ளைகளின் கண் உயரத்தில், பெரிய எழுத்தில், சுவரிலேயே எழுதிவையுங்கள். பெயின்ட் அடிக்கத் தெரிந்த அப்பா ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்.