ஓடுகிற பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 19. 3000 மீற்றர் ஓடுகிறேன். மாகாணப் போட்டிக்காகக் காலை ஐந்து மணிக்கு டச்சு பே மணலிலும், மாலையில் மைதானத்திலும் பயிற்சி. ஆறு மாதத்தில் 5 கிலோ குறைந்துவிட்டேன். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. "கடுமையாக ஓடினால் அப்படித்தான்" என்கிறார் பயிற்சியாளர். அம்மா வாய் திறக்கவில்லை, என்னைப் பார்க்கிற பார்வைதான் சரியில்லை. நான் பயப்பட வேண்டுமா?
- வாசகி, திருகோணமலை

பதில்: மகள், அப்படி நடப்பது வழமை என்பது உண்மைதான். நுளம்பு கடிப்பதும் இந்த ஊரில் வழமைதான். அதற்காக டெங்குவை யாரும் வரவேற்பதில்லை.

உயர்தரம் படிக்கும்போது நான் வலைப்பந்து ஆடினேன். மாதவிடாய் நின்றபோது, தொல்லை விட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் வலி. விரல் பட்டாலே துள்ளுவேன். எலும்பில் மயிரிழைக் கீறல். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு மருத்துவம் படிக்க வேண்டியிருந்தது.

உங்கள் கடிதத்தில் ஓடும் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, குறைந்த எடையும் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. விஷயமே அங்கேதான். எரிக்கிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால், கரு தாங்க இது காலமல்ல என்பதுபோல் மூளையில் ஹோர்மோன்களை ஆளும் ஹைப்போதலமஸ் என்ற பகுதி அடங்கிவிடுகிறது. கபச் சுரப்பி வழியாகச் சூலகத்துக்குப் போகும் தூண்டுதல் குறைகிறது. முட்டை முதிர்வதில்லை, ஈஸ்ட்ரஜனும் இறங்குகிறது. எலும்பைக் காக்கிற ஹோர்மோன் அது. 19 வயது, எலும்பு இன்னும் கனம் சேர்க்கிற வயது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சக்திப் பற்றாக்குறையைத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. ஆண் வீரர்களுக்கும் சேர்த்துத்தான்.

நம் வீடுகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பெரிய பிள்ளையானதும் உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று வாயில் திணிப்போம். அதே பிள்ளை வெறும் தேநீரோடு ஓடப் போனால் "மெலிந்து வடிவாகிவிட்டாள்" என்போம்.

ஓட்டத்தை விட வேண்டாம். இரண்டு வேளைப் பயிற்சியில் ஒன்றைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். பயிற்சியாளர் முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். புறப்படுமுன் ஒரு வாழைப்பழம். திரும்பி வந்ததும், குளிக்கப் போகும் முன்பே, பிட்டோ இடியப்பமோ முட்டையோடு. மாலையில் அவித்த கடலை, எள்ளுருண்டை. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள். எடை ஏறும், ஏறட்டும். மாதவிடாய் திரும்பச் சில மாதங்கள் பிடிக்கலாம். இடையில் ஹோர்மோன் மாத்திரை போட்டு இரத்தம் வந்தால், கோளாறு தீர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள்; அது மாத்திரையின் வேலை.

மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இந்த வாரமே ஒரு வைத்தியரைப் பாருங்கள். தைரொயிட் கோளாறு, பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் ஹோர்மோன் கூடுவது, சூலக நீர்க்கட்டி ஆகியவற்றாலும் மாதவிடாய் நிற்கும். ஓட்டத்தின் மேல் பழியைப் போட்டு அவற்றைத் தவறவிடக் கூடாது. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். மாதவிடாய் நின்றது என்று 19 வயதில் வந்தாலும் 39 வயதில் வந்தாலும் நாங்கள் தொடங்குவது அதிலிருந்துதான். இதை அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். அங்கே போய் முதன்முதலாகக் கேட்டால் அவர் பதறிப்போவார்.